மடியைப் பாரு, உசரத்தைப் பாக்காதே

கொஞ்ச நேரம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க மக்களே. அப்புறமா வரலாறுக்குப் போயிடலாம்.

போன தடவை ஊருக்குப் போயிருந்தப்போ பரண் மேல இருந்த தகரப் பெட்டியைக் கிண்டினேன். அதுல ஒரு கடன் பாஸ்புக் கெடச்சுது. எங்க அப்பா கறவை மாடு வாங்கறதுக்காக எடுத்த கடன். கடைசித் தவணை கட்டின வருசம் 2003. அந்த மாடு எங்க வீட்டை விட்டுப் போனது 2000. ஆக, மாடு போய் மூணு வருசம் கழிச்சும் அதுக்கு வட்டி கட்டியிருக்கார் மனுசன். நமக்கு அது தெரியவே தெரியாது. நான் அப்போ காலேஜ்ல கேண்டீன் கணக்கு வச்சு போண்டா தின்னுட்டு இருந்தேன்.

1997-ல அப்பா கருங்கல்பாளையம் சந்தையில அந்த மாட்டை வாங்கினார். ஹெச்.எஃப். கலப்பு. கறுப்பும் வெள்ளையுமா, நல்ல உசரம். தலையீத்து முடிஞ்சு ரெண்டாம் ஈத்துக்கு நிறைசினை. தரகர் துண்டைப் போட்டு விரலைப் புடிச்சு 14,000-க்கு முடிச்சு வச்சார். "பாருங்க, யானை மாதிரி நிக்குது. பால் நரம்பைப் பாருங்க, கயிறு மாதிரி ஓடுது. மடியைப் பாருங்க, அண்டா!" அப்படின்னு அவர் சொன்னதை அப்பா வீட்டுல வந்து அப்படியே சொல்லிக் காட்டினது இன்னும் ஞாபகம் இருக்கு.

ஆத்தா (அப்பாவோட அம்மா) மாட்டை ஒரு சுத்து சுத்தி வந்துச்சு. முதல்ல சுழி பாத்துச்சு. விலங்கு சுழி இல்ல, பாடை சுழி இல்ல. அதுல ஆத்தாவுக்குத் திருப்தி. அப்புறம் பின்னாடி போய்க் குனிஞ்சு மடியைப் பாத்துட்டு, "ஏண்டா, இது இப்பவே முட்டிக்குக் கீழ தொங்குது. இன்னும் ரெண்டு ஈத்துல தரையைக் கூட்டுமே!"ன்னு கேட்டுச்சு. அப்பா பதில் சொல்லல. மாடு வந்த சந்தோசத்துல ஆத்தா பேச்சு யார் காதுல விழும்?

ஆத்தா சொன்னதுதான் நடந்துச்சு. மூணாம் ஈத்துல மடி இன்னும் எறங்கிருச்சு. படுத்து எந்திரிக்கும்போது அதோட காம்பை அதுவே மிதிச்சுக்கும். மடிநோய் வந்துச்சு, ஊசி போட்டோம், சரியாச்சு, மறுபடி வந்துச்சு. ஒரு காம்பு அடைஞ்சே போச்சு. நாலாம் ஈத்துல ரெண்டு காம்புதான் கறந்தது. 2000-ல வித்துட்டோம். யார் வாங்கினாங்கன்னு சொல்ல வேண்டியதில்ல. உங்களுக்கே தெரியும், ரெண்டு காம்பு மாட்டை யார் வாங்குவாங்கன்னு.

அதே கொட்டாயில இன்னொரு மாடும் இருந்துச்சு. குட்டச்சின்னு பேரு. ஜெர்சி கலப்பு, பாக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காது. கட்டை குட்டையா, வயிறு பெருத்து, நாலு பேர் பாத்தா ரெண்டு பேர் சிரிப்பாங்க. அது 9 ஈத்து ஈனுச்சு. அக்கா படிப்புக்குப் போன காசுல பாதி குட்டச்சியோட காசு.

பாஸ்புக்கைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தப்போதான் இந்தக் கேள்வி வந்துச்சு: ஒரு மாட்டோட உடல்வாகைப் பாத்து அது எத்தனை வருசம் கறக்கும்னு சொல்ல முடியுமா? ஆத்தாவுக்கு எப்படித் தெரிஞ்சுது? நமக்கெல்லாம் ஒரு கேள்வி வந்தா சும்மா விடுவோமா? தேடிப் படிச்சதுல சிக்கினதுதான் இந்தப் பதிவு.

*

முடியைப் பார்த்து ஜோசியம் சொன்ன பிரெஞ்சுக்காரர்

சுழி பாக்கறது நம்ம ஊர்ல மட்டும்தான்னு நான் நெனச்சுட்டு இருந்தேன். கிடையவே கிடையாது. பிரான்ஸ்ல போர்தோ பக்கம் லிபூர்ன்னு ஒரு ஊர். அங்கே பிரான்சுவா கெனோன் என்று ஒருத்தர் இருந்தார். பசுவோட மடிக்குப் பின்பக்கம், வாலுக்குக் கீழே இருக்கற முடியைக் கவனிச்சிருக்கார். உடம்புல மத்த இடத்துல எல்லாம் முடி கீழ்நோக்கிப் படிஞ்சிருக்க, இந்த இடத்துல மட்டும் மேல்நோக்கி வளரும். ரெண்டும் சந்திக்கற இடத்துல ஒரு கேடயம் மாதிரி உருவம் தெரியும். அந்தக் கேடயம் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம், என்ன வடிவம் என்பதை வைத்து, அந்த மாடு எவ்வளவு பால் கறக்கும், சினையான பிறகு எத்தனை மாசம் கறக்கும் என்று சொல்லிவிடலாம் என்றார். வகை, அதுக்குள்ளே தரம் என்று பெரிய பட்டியலே போட்டு 1838-ல் புத்தகமாக வெளியிட்டார்.

சிரிக்காதீங்க. விவசாயச் சங்கங்கள் அவருக்குப் பரிசு கொடுத்தன. அமெரிக்காவில் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. 1870களின் கடைசியில் பென்சில்வேனியா மாநிலத்தில் இந்த முறையைச் சோதிச்சுப் பாக்க அரசே ஒரு குழு போட்டது. கேடயம் பாக்கத் தெரிஞ்சவருக்கு சந்தையில தனி மரியாதை.

ஏன் இப்படி நம்பினாங்க? காரணம் ரொம்ப எளிமை. அன்னிக்கு ஒரு மாடு வருசத்துக்கு எவ்வளவு கறக்குதுன்னு யாரும் அளந்து எழுதி வைக்கல. அளவு இல்லாத இடத்துல அடையாளம்தான் ராஜா. சந்தையில நிக்கற மாட்டுகிட்ட கேக்கவா முடியும்? நம்ம சுழி சாஸ்திரமும் இதே வெற்றிடத்துல முளைச்சதுதான்னு எனக்குத் தோணுது.

*

தராசு வந்த கதை

1890-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் பாப்காக் என்பவர் பாலில் கொழுப்பை அளக்க ஒரு எளிய முறை கண்டுபிடித்தார். கழுத்து நீண்ட கண்ணாடிக் குப்பியில் பாலை ஊத்தி, கந்தக அமிலம் சேர்த்து, சுழற்றினால் கொழுப்பு மட்டும் தனியாக மேலே வந்து நிற்கும். கழுத்தில் இருக்கற கோட்டைப் பாத்து எத்தனை சதவீதம்னு சொல்லிடலாம். அவர் அதுக்குக் காப்புரிமை கூட வாங்கல. யார் வேணா பயன்படுத்திக்கலாம்னு விட்டுட்டார்.

1895-ல் டென்மார்க்கில் வேயன் என்ற ஊரில் விவசாயிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். ஒரு ஆள் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு மாட்டோட பாலையும் எடை போட்டு, கொழுப்பு பாத்து, தின்ன தீவனத்தையும் எழுதி வைப்பார். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்கா போன ஹெல்மர் ராபில்ட் என்பவர் 1905-ல் மிச்சிகனில் இதே மாதிரி ஒண்ணை ஆரம்பிச்சு வச்சார். அங்கேயிருந்து நாடு முழுக்கப் பரவுச்சு.

எடை போட ஆரம்பிச்சதும் என்ன ஆச்சு? கெனோனோட கேடயம் மெல்ல மெல்லக் காணாமப் போச்சு. அழகான கேடயம் இருந்த மாடு கறக்கல. கேடயமே இல்லாத மாடு குடம் குடமா கறந்துச்சு. முடி தோத்துருச்சு.

ஆனா உடல்வாகு தோக்கல. இங்கேதான் கதை சுவாரசியம் ஆகுது.

*

கனவு மாடு

ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் மாட்டோட பூர்வீகம் நெதர்லாந்தும் வட ஜெர்மனியும். 1852-ல் மாசசூசெட்ஸ்காரர் வின்த்ராப் செனரி ஒரு டச்சுக் கப்பல்ல வந்த பசுவை வாங்கினதுல இருந்து அமெரிக்காவில் இதோட கதையை ஆரம்பிக்கறது வழக்கம். 1885-ல் இரண்டு சங்கங்கள் ஒண்ணாச் சேர்ந்து அமெரிக்க ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் சங்கம் உருவாச்சு.

அந்தச் சங்கத்துக்கு ஒரு தலைவலி. ஒவ்வொரு கண்காட்சியிலும் ஒவ்வொரு நடுவரும் ஒவ்வொரு மாதிரி மாட்டுக்குப் பரிசு கொடுத்தாங்க. எது நல்ல மாடுன்னு ஒத்துமையே இல்ல. அதனால 1922-ல் அனுபவசாலிகளை உக்காரவச்சு, லட்சிய மாடு எப்படி இருக்கணும்னு முடிவு பண்ணி, பசுவுக்கும் காளைக்கும் ஓவியமும் சின்னச் சிலையும் செஞ்சாங்க. யாரோட தொழுவத்திலும் இல்லாத மாடு அது. ஒரு குழுவோட கனவுல பொறந்த மாடு :-)

1929-ல் அடுத்த படி. பயிற்சி பெற்ற ஆள் பண்ணைக்கே வந்து மாட்டுக்கு மார்க் போடற முறையைத் தொடங்கினாங்க. நூத்துக்கு இத்தனைன்னு மார்க். 90-க்கு மேல எடுத்தா மிகச் சிறப்பு, 85 முதல் 89 வரை மிக நன்று, இப்படி இறங்கிக்கிட்டே போகும். இன்னிக்கும் அந்த நூறு மார்க்குல 40 மடிக்கு மட்டும். ஆத்தா கிட்ட சொல்லியிருந்தா, "நாப்பது பத்தாது"ன்னு சொல்லியிருக்கும்.

இதுக்குப் பின்னாடி ஒரு நம்பிக்கை: நல்ல உடல்வாகு இருக்கற மாடு நீண்ட நாள் உழைக்கும். கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா நம்பிக்கை வேற, கணக்கு வேற.

*

வருசக் கணக்கு ஏன் முக்கியம்?

இதைக் கொஞ்சம் விளக்கிட்டு மேல போறேன். பசு இயற்கையா 20 வருசம் வாழக்கூடிய பிராணி. ஆனா பெரிய பால் பண்ணைகள்ல ஹோல்ஸ்டீன் மாடு ரெண்டு வயசுல முதல் கன்னு போட்டு, சராசரியா மூணு ஈத்துகூட முழுசா முடிக்காம, அஞ்சு வயசு வாக்குல வெளியே போயிடுது.

கிடேரிக் கன்னு பொறந்து ரெண்டு வருசம் சும்மா தின்னும். ஒரு சொட்டு பால் கிடையாது. முதல் ஈத்து, ரெண்டாம் ஈத்து வருமானம் வளத்த செலவுக்கே சரியாப் போகும். மாடு தன்னோட முழு கறவைக்கு வர்றது மூணாம் ஈத்துக்கு மேலதான். லாபம் ஆரம்பிக்கற நேரத்துல மாடு வண்டியேறிப் போனா எப்படி இருக்கும்? எங்கப்பாவைக் கேளுங்க.

அதனால மாடு எத்தனை மாசம் கறவையில நிக்குதுங்கறது, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்ங்கறதுக்கு சமமான கேள்வி. ஆனா இதுல ஒரு பெரிய சிக்கல். பால் எவ்வளவுன்னு முதல் ஈத்துலயே தெரிஞ்சுடும். ஆயுசு எவ்வளவுன்னு ஆயுசு முடிஞ்சாத்தான் தெரியும்! ஒரு காளையோட மகள்கள் நீண்ட நாள் நிக்கறாங்களான்னு பாத்து முடிக்கறதுக்குள்ள காளையே கிழமாயிடும். அது மட்டுமில்ல. கறவை ஆயுசுல மாட்டுக்கு மாடு இருக்கற வித்தியாசத்துல 100-க்கு 8 பங்கு போலத்தான் பரம்பரையால வருது. மீதி எல்லாம் தீவனம், கொட்டாய், பராமரிப்பு, அதிர்ஷ்டம். ஆனா மடியோட ஆழத்துல கிட்டத்தட்ட 28 பங்கு, உயரத்துல 42 பங்கு பரம்பரை.

புரியுதா? ஆயுசை நேரடியா தேர்ந்தெடுக்கறது கஷ்டம். முதல் ஈத்துலயே கண்ணுக்குத் தெரியற, பரம்பரையா நல்லா வர்ற ஏதாவது ஒரு உடல் அடையாளம் ஆயுசோட சேர்ந்து வந்தா, அதைப் புடிச்சுக்கிட்டு ஆயுசை இழுக்கலாம். கெனோன் தேடினதும் இதைத்தான். அவர் தப்பான இடத்துல தேடினார், அவ்வளவுதான்.

*

ரெண்டு காளைகள்

நடுவுல ஒரு பெரிய மாற்றம் வந்துச்சு. 1938-ல் அமெரிக்காவில் செயற்கைக் கருவூட்டலுக்குன்னு முதல் கூட்டுறவு நியூ ஜெர்சியில ஆரம்பமாச்சு. 1949-ல் இங்கிலாந்தில் விந்தணுவை கிளிசரின் சேர்த்து உறைய வைக்கலாம்னு கண்டுபிடிச்சாங்க. நம்ம ஊர்ல 'சினை ஊசி'ன்னு சொல்றோமே, அதோட ஆதி அதுதான். அதுக்கு முன்னாடி ஒரு காளை அந்த ஊருக்குத்தான் அப்பன். அதுக்கு அப்புறம் உலகத்துக்கே அப்பன்.

1962-ல் நெப்ராஸ்காவில் பொறந்த சீஃப், 1965-ல் வர்ஜீனியாவில் பொறந்த எலிவேஷன். இந்த ரெண்டு காளைகள் பேரை மனசுல வச்சுக்குங்க. பால் வேணும்னா சீஃப், உடல்வாகு வேணும்னா எலிவேஷன்னு ஹோல்ஸ்டீன்காரங்க பேசிக்குவாங்க. எலிவேஷனுக்கு எழுபதாயிரத்துக்கும் மேல மகள்கள். நல்ல மடி, நல்ல கால். இன்னிக்கு வட அமெரிக்காவில் ஊசிக்குப் பயன்படற ஹோல்ஸ்டீன் காளைகளோட அப்பன் வழியைத் தேடிக்கிட்டே போனா, கிட்டத்தட்ட எல்லாமே இந்த ரெண்டு பேர்கிட்டதான் போய் நிக்கும். ஹெச்.எஃப். ஊசி உலகம் முழுக்கப் போயிருக்கு. கருங்கல்பாளையத்துல அப்பா வாங்கின மாட்டுக்குள்ளேயும் இந்த ரெண்டு பேர்ல ஒருத்தரோட சொட்டு ரத்தம் இருந்திருக்கலாம்.

இதோட பலன் சாதாரணமானது இல்ல. 1944-ல் அமெரிக்காவில் 2.56 கோடி கறவை மாடுகள், ஒரு மாடு வருசத்துக்கு சுமார் 2,000 கிலோ பால். 2007-ல் வெறும் 92 லட்சம் மாடுகள், ஒரு மாட்டுக்கு 9,000 கிலோவுக்கு மேல. அவ்வளவு பாலையும் தாங்க வேண்டியது அதே நாலு காலும், அதே மடியும்தான்.

*

கண்ணு ஜெயிச்ச இடம்

1980களின் தொடக்கத்தில் மார்க் போடற முறையை மாத்தினாங்க. அதுவரைக்கும் நடுவர் "கால் நல்லா இருக்கு, மடி சுமார்"னு தீர்ப்பு சொல்லுவார். புது முறையில தீர்ப்பு கிடையாது, அளவு மட்டும்தான். காம்பு எவ்வளவு நீளம், மடி எவ்வளவு ஆழம், குளம்பு எவ்வளவு சரிவுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் எங்கே நிக்குதுன்னு ஒரு எண். நல்லதா கெட்டதான்னு அப்புறமா கணக்கு சொல்லும்.

1994-ல் அமெரிக்க வேளாண் துறை 'கறவை ஆயுள்'னு தனியா ஒரு மதிப்பீட்டைக் காளைகளுக்குக் கொடுக்க ஆரம்பிச்சுது. மகள்கள் எத்தனை மாசம் கறவையில நின்னாங்கன்னு கணக்கு. லட்சக்கணக்கான மாடுகளோட உடல் அளவு ஒரு பக்கம், ஆயுசு இன்னொரு பக்கம். ரெண்டையும் சேர்த்து வச்சுப் பாத்தப்போ தெரிஞ்சது இது:

முதலாவது, மடி. எல்லாத்துக்கும் மேல மடிதான். மடியோட அடி, பின்னங்கால் முட்டிக்கு மேல நிக்கணும். முன்பக்க மடி வயித்தோட இறுக்கமா ஒட்டியிருக்கணும். நடுவுல ஒரு பள்ளம் தெரியணும். அந்தப் பள்ளம் வெறும் அழகு இல்லீங்க. மடியை நடுவுல தூக்கிப் புடிச்சிருக்கற தசைநார் உறுதியா இருக்குங்கறதுக்கு அடையாளம். பக்கவாட்டுல இருக்கற நார் விறைப்பானது, நடுநார் இழுபடக் கூடியது. பால் கனத்துல அது வருசா வருசம் கொஞ்சம் இழுபட்டுத்தான் ஆகும். ஆரம்பத்துலயே தளர்வா இருந்தா, மூணாம் ஈத்துல மடி முட்டிக்குக் கீழ வந்துடும், காம்பு நாலும் வெளிப்பக்கமா விரியும். சாணியில படும், மிதிபடும், மடிநோய் வரும்.

இதைப் படிச்சப்போ எனக்கு ஆத்தா குனிஞ்சு பாத்த காட்சிதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. "தரையைக் கூட்டும்". வேற வார்த்தையில சொன்னா அதேதான்.

ரெண்டாவது, கால். பின்னாடி நின்னு பாத்தா பின்னங்கால் நேரா இருக்கணும், முட்டி ரெண்டும் உள்பக்கமா ஒட்டக் கூடாது. பக்கத்துல இருந்து பாத்தா ரொம்ப வளைவும் ஆகாது, தூண் மாதிரி ரொம்ப நேராவும் ஆகாது. நடுத்தரம்தான் நல்லது. குளம்பு சப்பையா முன்னாடி நீண்டு போச்சுன்னா குதிகால் தேயும், புண்ணு வரும். கால் வலிக்கிற மாடு தீவனத் தொட்டிக்குக்கூட நடக்காது. தின்னாத மாடு கறக்காது, சினையும் பிடிக்காது. ஆனாலும் மடி அளவுக்குக் காலோட தொடர்பு கணக்குல பலமா வரல.

*

கண்ணு தோத்த இடம்

இப்போ தரகர் பக்கம் வருவோம். "யானை மாதிரி நிக்குது". உசரம்!

கண்காட்சி நடுவர்களுக்கும் உசரமான மாடுன்னா உசிரு. பல பத்தாண்டுகளா உசரத்துக்குப் பரிசு கொடுத்துக் கொடுத்து, ஹோல்ஸ்டீன் வளர்ந்துக்கிட்டே போச்சு. பழைய கொட்டாயில மாடு படுக்க இடம் பத்தாமப் போச்சு.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்காரங்க 1966-ல் க்ரூக்ஸ்டன் ஆராய்ச்சிப் பண்ணையில ஒரு வேலை செஞ்சாங்க. ஒரே மந்தையை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பக்கத்துக்குப் பெரிய உடம்பு கொடுக்கற காளை, இன்னொரு பக்கத்துக்குச் சின்ன உடம்பு கொடுக்கற காளை. ரெண்டு வகைக் காளையும் பால் விசயத்துல சரிசமம். தலைமுறை தலைமுறையா இதையே தொடர்ந்தாங்க. 1999-ல் வெளியிட்ட முடிவு: சின்ன மாடுகள்தான் நீண்ட நாள் கறவையில நின்னுச்சு. பெரிய மாடு கூடுதலாத் தின்னதுக்கு ஏத்த பாலும் கொடுக்கல. முப்பது வருசத்துக்கு மேல ஓடின சோதனை இது. ஒரு ஆளோட பணிக்காலம் முழுக்க போயிடும். எனக்கு அந்தப் பொறுமை மேல பெரிய மரியாதை வந்துச்சு.

அடுத்தது இன்னும் வேடிக்கை. நல்ல கறவை மாடுன்னா ஒல்லியா, விலா எலும்பு விரிஞ்சு, கூர்மையா இருக்கணும்னு நூறு வருசமா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 'பால்வாகு'ன்னு அதுக்கு மார்க்கும் உண்டு. அப்படிப்பட்ட மாடு பால் கறக்கறது உண்மைதான். ஆனா நோயும் அதுக்குத்தான் அதிகம்னு பிறகு வந்த ஆராய்ச்சிகள்ல தெரிஞ்சுது. உடம்புல இருக்கற சதையைக் கரைச்சு பாலா ஊத்தற மாடு அது. கொஞ்சம் சதைப்பிடிப்போட இருக்கற மாடுதான் சினையும் பிடிக்குது, தாக்கும் பிடிக்குது.

2000-ல் அமெரிக்க வேளாண் துறை, காளைகளை வரிசைப்படுத்தற பொருளாதாரக் குறியீட்டுல உடல்வாகையும் சேர்த்துச்சு. மடிக்கும் காலுக்கும் கூட்டல். பெரிய உடம்புக்குக் கழித்தல்! 1922-ல் சிலை செஞ்ச பெரியவங்க இதைக் கேட்டா என்ன சொல்லியிருப்பாங்களோ.

இன்னொரு குட்டும் வெளிப்பட்டுச்சு. மார்க் அதிகம் வாங்கின மாடு அதிக நாள் நிக்குதுன்னு பதிவு பெற்ற பண்ணைகள்ல தெரிஞ்சுது. ஆனா பதிவில்லாத சாதாரணப் பண்ணைகள்ல அந்தத் தொடர்பு அவ்வளவு பலமா இல்ல. ஏன்னா, 90 மார்க் மாட்டை முதலாளி சீக்கிரம் விக்க மாட்டார். கன்னுக்கு விலை இருக்கு, கண்காட்சியில பேரு இருக்கு. ஆக, அழகு சில சமயம் மாட்டோட ஆயுசைக் கூட்டல, முதலாளியோட பொறுமையைத்தான் கூட்டுது.

கண்ணுக்குத் தெரியாத ஒண்ணும் இருக்கு. நம்ம சீஃப் காளை இருக்காரே, அவர் மூலமா ஒரு கெட்ட மரபணுவும் பரவியிருந்தது. அப்பன் வழி, ஆத்தா வழி ரெண்டு பக்கமும் அது வந்து சேர்ந்தா கரு நிக்காது. 2011-ல்தான் மரபணு ஆராய்ச்சி மூலமா புடிச்சாங்க. உலகம் முழுக்க சுமார் 5 லட்சம் கருச்சிதைவு, 42 கோடி டாலர் நட்டம்னு 2016-ல் மதிப்பிட்டாங்க. எத்தனை நடுவர்கள், எத்தனை மார்க்! எந்தக் கண்ணுக்கும் அது சிக்கல.

*

ஆத்தா கணக்கு

சரி, என் கேள்விக்கு வர்றேன். உடல்வாகைப் பாத்து ஆயுசைச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். மடியைப் பாத்துக் கொஞ்சம் சொல்லலாம், காலைப் பாத்து இன்னும் கொஞ்சம். உசரத்தைப் பாத்தா, பெரும்பாலும் நாம நெனைக்கறதுக்கு நேர் எதிர். முடியையோ சுழியையோ பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது. மீதி பெரும்பங்கு தீவனத்திலயும், காஞ்ச தரையிலயும், கறக்கற கையிலயும்தான் இருக்கு.

ஆத்தா சுழியில தோத்துச்சு, மடியில ஜெயிச்சுது. ரெண்டையும் ஒரே நம்பிக்கையோடதான் பாத்துச்சு, அதுதான் எனக்கு ஆச்சரியம். அதுக்கு எது அறிவு, எது பழக்கம்னு பிரிச்சுப் பாக்கத் தேவை இருக்கல. எந்த மாடு எத்தனை ஈத்து நின்னுச்சுன்னு அறுபது வருசமா மனசுக்குள்ள எழுதி வச்சிருந்த ஆளு அது. வேயன்ல வீடு வீடாப் போய் எழுதினவரோட வேலைதான், நோட்டு மட்டும் இல்ல.

ஆனா நேர்மையா ஒண்ணு சொல்லணும். குட்டச்சி 9 ஈத்து நின்னதும், பெரிய மாடு நாலுல போனதும் எதையும் நிரூபிக்காது. ரெண்டு மாடு கணக்கு ஆகாது. பெரிய மாட்டோட கொட்டாய் மழையில எப்பவும் சேறாத்தான் கிடந்துச்சு. தரைக்குக் கல் போட அப்பாகிட்ட காசு இல்ல, ஏன்னா காசு கடன் தவணைக்குப் போச்சு. நல்ல தரையில நின்னிருந்தா அந்த மடியே இன்னும் ரெண்டு ஈத்து தாங்கியிருக்கலாம். இத்தனை நாளா அப்பாவை 'உசரத்தைப் பாத்து ஏமாந்தவர்'னு மனசுக்குள்ள கிண்டல் பண்ணிட்டு இருந்தேன். உலகத்துல பெரிய பெரிய நடுவர்கள் எல்லாம் பல பத்தாண்டா ஏமாந்த அதே விசயத்துலதான் அவரும் ஏமாந்திருக்கார். அவங்க யாரும் வட்டி கட்டல, அவர் கட்டினார்.

பாஸ்புக்கை அப்பாகிட்ட காட்டினேன். வாங்கிப் பாத்துட்டு, "இதெல்லாம் எதுக்குடா எடுத்தே?"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே, "உங்காத்தா சொல்லுச்சு. நாந்தேன் கேக்கல"ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டார். பாஸ்புக் இப்போ என்கிட்டதான் இருக்கு.

உங்க வீட்டுப் பெரியவங்க மாடு வாங்கும்போது எதைப் பாப்பாங்க? பல்லா, சுழியா, மடியா, வாலா? அதுல எது பலிச்சுது, எது பலிக்கல? பின்னூட்டத்துல எழுதுங்க, ஒரு பட்டியல் போட்டுடலாம்.

டிஸ்கி: நான் கால்நடை மருத்துவர் இல்லீங்க. இந்தப் பதிவை நம்பி சந்தைக்குக் கெளம்பிடாதீங்க. போனாலும் தரகர் "யானை மாதிரி"ன்னு ஆரம்பிச்சார்னா, தயவுசெஞ்சு ஒரு தடவை பின்னாடி போய்க் குனிஞ்சு பாருங்க :-)